தேய்க்க வேண்டியது பலகையையா, பூச்சையா?

சமையலறை அலமாரிக் கதவுக்கென்று எம்.டி.எஃப் பலகையை அறுத்து வைத்துவிட்டு, பெயின்ட் அடிப்பதற்கு முன் உப்புத்தாளைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் ஒரு நம்பிக்கையோடுதான் எடுக்கிறார். எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு வழவழப்பு என்பது அந்த நம்பிக்கை. 120 நம்பர் தாளில் தொடங்கி 180, 240, 320 என்று படிப்படியாகப் போனால் கடைசியில் கண்ணாடிக்கு நிகரான பரப்பு கிடைத்துவிடும், அதன்மேல் பெயின்ட் தானாகப் படிந்துகொள்ளும் என்று கணக்குப் போடுகிறார். தேக்கு, வேங்கை போன்ற மரங்களில் இந்தக் கணக்கு ஓரளவு செல்லும். எம்.டி.எஃபில் செல்லாது. வெறும் பலகையைத் தேய்த்துக் கிடைக்கும் வழவழப்பில் பெரும்பங்கு முதல் பூச்சின் ஈரம் பட்டதுமே போய்விடுகிறது. நிலைக்கிற வழவழப்பு, அந்த முதல் பூச்சு காய்ந்து இறுகிய பிறகு அதைத் தேய்ப்பதில்தான் கிடைக்கிறது. ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள, பலகை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மரத்தைச் சில்லுகளாக வெட்டி, நீராவியில் வேகவைத்து, நெருக்கமாக வைத்த இரும்புத் தட்டுகள் சுழலும் எந்திரத்துக்குள் விட்டால் சில்லு நார்நாராகப் பிரிகிறது. மரச் செல்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் சூட்டிலும் ஈரத்திலும் இளகிவிடுவதால்தான் இது முடிகிறது. நாரோடு யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசினையும், தண்ணீரைத் தடுக்கக் கொஞ்சம் மெழுகையும் சேர்த்து, உலர்த்தி, பல அங்குல உயரத்துக்கு மெத்தையாகப் பரப்பி, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூடான தட்டுகளுக்கு நடுவே நசுக்குகிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் டெபாசிட் என்ற சிற்றூரில் 1960-களின் நடுவில் இந்தப் பலகை வணிக அளவில் வரத் தொடங்கியது. அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் நகரில் வில்லியம் மேசன் என்பவர் நீராவி அழுத்தத்தில் மரச் சில்லை வெடிக்க வைத்து நாராக்கி, ஹார்ட்போர்டு செய்திருந்தார். நம் பிள்ளைகள் தேர்வுக்கு எடுத்துப்போகும் பழுப்பு நிறப் பரீட்சை அட்டை அந்த வம்சத்தைச் சேர்ந்தது. அதன் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சல்லடைத் தடம் பதிந்தும் இருக்கும். ஈர நாரிலிருந்து தண்ணீரும் ஆவியும் வெளியேறுவதற்காக ஒரு பக்கம் கம்பி வலை வைத்து அழுத்துகிறார்கள். தடம் அந்த வலையுடையது. நாரும் ஒன்றுதான், அழுத்தமும் ஒன்றுதான். தட்டு பட்ட பக்கம் வழவழப்பாகிறது, வலை பட்ட பக்கம் சொரசொரப்பாகிறது. நார்ப்பலகையின் வழவழப்புக்கு மூலம் அழுத்தும் தட்டில் இருக்கிறது என்பதற்குப் பரீட்சை அட்டையே போதுமான சான்று.

எம்.டி.எஃபில் அந்த அழுத்தம் இன்னொரு வேலையும் செய்கிறது. சூட்டுத் தட்டு முதலில் தொடுவது மெத்தையின் வெளிப்புறத்தை. அங்குள்ள நார் உடனே சூடேறி, இளகி, எளிதாக நசுங்கி நெருக்கமாகிறது. நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் பலகையின் கனம் ஏறக்குறைய முடிவாகிவிடும். அதனால் இரண்டு முகங்களும் அடர்ந்தும் நடுப்பகுதி தளர்ந்தும் அமைகின்றன. சராசரி அடர்த்தி கனமீட்டருக்கு 750 கிலோ என்று வைத்துக்கொண்டால், முகத்தருகே அது 1000 கிலோவைத் தொடலாம்; நடுவில் 650 வரை இறங்கலாம். காற்றே இல்லாத மரச் செல் சுவரின் அடர்த்தி 1500 கிலோ. வகுத்துப் பார்த்தால், முகத்தில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். நடுவில் பாதிக்கும் மேல் வெற்றிடம். தட்டை நேரடியாகத் தொட்ட மிக மெல்லிய படலத்தில் மட்டும், நார் முழுதாக நெருங்குவதற்கு முன்பே பிசின் வெந்து இறுகிவிடுகிறது. அது வலுவில்லாத பொருக்கு. ஆலையிலேயே அகலமான பெல்ட் எந்திரத்தில் விட்டு அந்தப் பொருக்கை எடுத்து, கனத்தையும் சமமாக்கி விற்கிறார்கள். ஆக, கடையில் நாம் வாங்குவது ஏற்கெனவே தேய்த்த பலகை. அதன் மிக அடர்ந்த தோல் அப்போதுதான் வெளிப்பட்டிருக்கிறது. அந்தத் தோலின் தடிப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். 80 நம்பர் தாள் மாட்டிய பெல்ட் சாண்டரை அதன்மேல் தாராளமாக ஓட்டுகிறவர், காசு கொடுத்து வாங்கிய அடர்த்தியைத் தூளாக்கிவிட்டுத் தளர்ந்த நடுப்பகுதியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்.

சரி, முரட்டுத் தாளை விட்டுவிட்டு நுண்ணிய தாளில் தேய்த்தால்? உப்புத்தாளின் எண்ணுக்குப் பின்னால் ஓர் அளவு இருக்கிறது. ஐரோப்பியத் தர வரிசையில் 120 நம்பர் தாளின் துகள் சராசரியாக 125 மைக்ரான், 180-இல் 82, 240-இல் 58, 320-இல் 46, 400-இல் 35. நார்ப்பலகைக்குப் பயன்படும் தைல மரத்தின் நாரோ ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் ஏறத்தாழ 20 மைக்ரான் அகலமும் கொண்டது. 320 நம்பர் தாளின் துகள்கூட அந்த நாரைப்போல் இரண்டு மடங்கு பருமன். துகளின் முனை உளிபோல் சாய்ந்து இறங்குவதும் இல்லை. அதன் முகம் பெரும்பாலும் முன்னோக்கியே கவிந்திருக்கும். தாளில் உள்ள துகள்களில் ஒரு பங்குதான் உண்மையில் வெட்டுகிறது. மற்றவை உழுதுகொண்டோ உரசிக்கொண்டோ போகின்றன. அப்படிப்பட்ட முனை ஒரு பொருளை வெட்ட வேண்டுமானால் அந்தப் பொருள் விறைப்பாக எதிர்த்து நிற்க வேண்டும். தனி நார் அப்படி நிற்பதில்லை. அதன் ஒரு முனை பலகையில் ஒட்டியிருக்கிறது. மறுமுனை, துகள் வரும்போது வளைந்து கொடுக்கிறது. சில நார்கள் அறுகின்றன, சில பாதி கிழிகின்றன, மிச்சமெல்லாம் படுத்துவிடுகின்றன. தேய்த்து முடித்த வெறும் எம்.டி.எஃபில் விரல் ஓட்டினால் பட்டுபோல் இருப்பதற்கு, படுத்திருக்கும் நாருக்கும் இடுக்குகளில் அடைந்திருக்கும் தூளுக்கும் பெரும் பங்கு உண்டு.

இந்த நிலையில் ஈரம் வருகிறது. மரச் செல்லின் சுவர் தண்ணீரை ஈர்த்து உப்பும், காய்ந்தால் வற்றும். இது எல்லா மரத்துக்கும் பொது. எம்.டி.எஃபில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. நசுக்கித் தட்டையாக்கிய நார், சூட்டில் அந்த வடிவத்துக்குப் பழக்கப்பட்டு, பிசினின் பிடியில் அடங்கியிருக்கிறது. ஈரம் செல் சுவரை இளக்கியதும் அது தன் பழைய வடிவத்துக்கு மீளப் பார்க்கிறது. இந்த மீட்சி ஒருவழிப் பாதை. காய்ந்தபின் வற்றுகிற பங்கு வற்றும். மீண்டுவிட்ட பங்கு மீண்டதுதான். குளியலறைக்கு அருகில் தண்ணீர் பட்டு உப்பிப்போன எம்.டி.எஃப் கதவின் அடிப்பகுதியை எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாதது இதனால்தான். முகத்தின் மேலடுக்கில் நடப்பதும் இதுவே, மிகச் சிறிய அளவில். தண்ணீரில் கரைத்த பிரைமரைத் தடவியதும் படுத்திருந்த நாரும் பாதி கிழிந்த நாரும் எழுந்து நிற்கின்றன. எழுந்த நிலையிலேயே பிரைமர் காய்ந்து அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. காய்ந்த பிறகு விரலில் முள்முள்ளாகத் தட்டுப்படுவதைப் பிரைமரின் குறை என்று நினைத்து வேறு பிராண்டுக்கு மாறுகிறவர்கள் உண்டு. தட்டுப்படுவது பலகையின் நார். பிரைமர் செய்ததெல்லாம் அதற்கு விறைப்பு கொடுத்ததுதான், அந்த விறைப்புதான் நமக்குத் தேவையும்கூட.

ஏனென்றால் உப்புத்தாளுக்கு இப்போதுதான் வெட்டுவதற்கு ஒரு பொருள் கிடைத்திருக்கிறது. பூச்சு நாரைச் சுற்றி இறுகி, அதன் அடியையும் பலகையோடு பிணைத்துவிட்டது. துகள் வரும்போது நார் வளைய முடியாமல் முறிகிறது. முதல் பூச்சாக அடித்துப் பலகையை அடைக்கும் நைட்ரோசெல்லுலோஸ், பாலியூரித்தேன் வகைச் சீலர்கள் இறுகியபின் கடினமாகவும் நொறுங்கும் தன்மையோடும் இருப்பதால் தேய்க்கத் தேய்க்க வெள்ளைப் பொடியாக உதிர்கின்றன. தேய்ப்பதற்கென்றே செய்யப்படும் சீலர்களில் துத்தநாக ஸ்டியரேட் என்ற சோப்பு வகைப் பொருளைச் சேர்ப்பதுண்டு. பொடி தாளில் அப்பிக்கொள்ளாமல் உதிர்வதற்காக அது. சில உப்புத்தாள்களின் மேலும் வெண்மையாக அதே பூச்சு இருக்கும். சாதாரணச் சுவர் பெயின்டை எம்.டி.எஃபுக்கு முதல் பூச்சாக அடித்தால் ஏன் சரிவருவதில்லை என்பதும் இங்கே விளங்கும். அதிலுள்ள அக்ரிலிக் பிசின் அறை வெப்பத்தில் மென்மையானது. தேய்த்தால் பொடியாகாமல் ரப்பர் போல உருண்டு தாளை அடைத்துவிடும். முதல் பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு மறைக்கிறது என்பதை மட்டும் கேட்கிறோம். எவ்வளவு நன்றாகத் தேய்படும் என்பதை அதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பலகையை 320 வரை தேய்த்துவிட்டே பூச்சுக்குப் போகிற, அருமையான கதவுகளை முடித்துத் தருகிற தேர்ந்த பெயின்டர்கள் ஏராளம். அவர்கள் கைவேலை பொய்யா? பொய்யில்லை. ஆனால் அவர்கள் சீலரையும் தேய்க்கிறார்கள், ஒவ்வொரு பூச்சுக்கு இடையிலும் தேய்க்கிறார்கள். விளைவு எந்தத் தேய்ப்பிலிருந்து வந்தது என்பதைப் பிரித்துப் பார்க்க ஒரு துண்டுப் பலகை போதும். பாதியை 320 வரை தேய்த்து, மறுபாதியை ஆலையிலிருந்து வந்தபடியே தூசி மட்டும் துடைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே பிரைமரை அடித்துக் காயவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கலாம். நுண்ணிய தாள் அறவே பயனற்றது என்று சொல்ல வரவில்லை. கூர் மழுங்காத நுண்ணிய தாள் கிழிந்த நாரைக் குறைவாகவே விட்டுவைக்கும், ஆகவே எழும் நாரும் கொஞ்சம் குறையும். அழுத்தத்தில் நசுங்கிய நாரின் மீட்சியை மட்டும் எந்தத் தாளும் தடுக்காது. கை அழுக்கு, கீறல், அறுக்கும்போது பட்ட தடம் இவற்றை எடுக்க 220 அல்லது 240-இல் ஒருமுறை லேசாக இழுத்தால் முகத்துக்குப் போதும். மிச்ச உழைப்பைச் சீலருக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் பரவலான மறுப்பு, மேடுபள்ளத்தைப் பெயின்டே மறைத்துவிடும் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை அளந்தே சொல்லலாம். ஈரப் பூச்சின் மேடுபள்ளம் பரப்பு இழுவிசையால் எவ்வளவு நேரத்தில் சமனாகும் என்பதற்கு 1962-இல் எஸ்.இ. ஆர்ச்சர்ட் ஒரு சமன்பாடு தந்தார். அதன்படி, சமனாக ஆகும் நேரம் மேட்டுக்கும் மேட்டுக்கும் உள்ள தொலைவின் நான்காம் அடுக்கில் கூடும். பூச்சுத் தடிப்பின் மூன்றாம் அடுக்கில் குறையும். விளக்கெண்ணெய் அளவுக்குப் பிசுபிசுப்புள்ள பெயின்டை 100 மைக்ரான் தடிப்பில் அடித்ததாக வைத்துக்கொள்வோம். மேடுகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் அவற்றின் உயரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இடைவெளி ஒரு சென்டிமீட்டர் என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ மூன்று மணி நேரம். அதற்குள் பெயின்ட் இறுகிப்போயிருக்கும். உப்புத்தாளை விரல்களால் மட்டும் அழுத்தித் தேய்க்கும்போது விரலின் அகலத்துக்குப் பள்ளங்கள் விழுகின்றன. அவை சரியாக இந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரம்பில் வருபவை, அதாவது பெயின்டால் ஒருபோதும் சமன்படுத்த முடியாதவை. தாளுக்குப் பின்னால் தட்டையான மரக்கட்டையோ கார்க்கோ வைக்கச் சொல்லும் பழைய வழக்கத்துக்கு இதைவிட உறுதியான காரணம் வேண்டியதில்லை. ஜன்னல் ஓரமாகக் கதவைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்கும்போது அலையலையாகத் தெரிவது பெரும்பாலும் இந்த விரல் தடங்கள்தான்.

அப்படியானால் சிறிய மேடுபள்ளம் தானாகப் போய்விடுமே? ஈரமாக இருக்கும்வரை போய்விடும். காயும்போது திரும்பி வரும். கனவளவில் 40 விழுக்காடு திடப்பொருள் உள்ள ஒரு பெயின்டை எடுத்துக்கொள்வோம். பலகையில் 10 மைக்ரான் ஆழத்துக்கு ஒரு கீறல் இருக்கிறது. ஈரத்தில் பெயின்ட் அதை நிரப்பி மேலே முற்றிலும் சமனாகிவிட்டது. கீறலுக்கு மேலே இருக்கும் பெயின்ட் பக்கத்தில் இருப்பதைவிட 10 மைக்ரான் தடிப்பு கூடுதல். அந்தக் கூடுதலிலும் 60 விழுக்காடு ஆவியாகிப் போகும். ஆகவே காய்ந்த பரப்பில் 6 மைக்ரான் பள்ளம் மறுபடி தெரியும். அடுத்த பூச்சில் அது 3.6 ஆகும், மூன்றாம் பூச்சில் 2.2. காயும் நேரத்தில் கொஞ்சம் ஓட்டமும் இருப்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையலாம், ஆனால் திசை இதுதான். ஸ்ப்ரே செய்யும் பதத்தில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் திடப்பொருள் கனவளவில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும் என்பதால் ஒவ்வொரு பூச்சும் பழைய பள்ளத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தந்துவிடும். 1920-களில் டுபாண்ட் நிறுவனம் டுக்கோ என்ற பெயரில் கார்களுக்குக் கொண்டுவந்த அந்த வகைப் பூச்சைப் பல முறை அடித்து, தேய்த்து, பாலிஷ் போட வேண்டியிருந்ததில் வியப்பில்லை. இந்த விதி மெய்தானா என்று பார்க்க எதிர்ப்பக்கமும் பார்க்கலாம். ஆலைகளில் புற ஊதா ஒளியால் இறுகவைக்கும் நிரப்பிகளில் ஆவியாகிப் போக ஏறக்குறைய எதுவுமே இல்லை. அவை ஓரிரு பூச்சிலேயே நாரின் தடத்தை அடைத்துவிடுகின்றன. வீட்டிலும் சிறு பட்டறையிலும் அந்த வசதி கிடையாது. அங்கே மேட்டை வெட்டி எடுப்பதுதான் பள்ளத்தை ஒழிப்பதற்கான வழி, அதைச் செய்வது பூச்சுகளுக்கு இடையிலான உப்புத்தாள்.

பளபளப்பு என்று வரும்போது உப்புத்தாளின் எல்லை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பரப்பு ஒளியைக் கண்ணாடிபோல் திருப்பியனுப்ப வேண்டுமானால் அதன் சொரசொரப்பு ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று லார்ட் ரேலியின் பெயரால் ஓர் அளவுகோல் உண்டு. நேராகப் பார்க்கும்போது பச்சை ஒளிக்கு அது 0.07 மைக்ரான். 46 மைக்ரான் துகளால் எதைத் தேய்த்தாலும் அந்த அளவை எட்ட முடியாது. அவ்வளவு நுண்ணிய பரப்பை உண்டாக்குவது திரவத்தின் பரப்பு இழுவிசை. ஆகவே வேலை இரண்டாகப் பிரிகிறது. நுண்ணிய அளவைப் பெயின்டே பார்த்துக்கொள்ளும். பெயின்டுக்கு அடங்காத பெரிய அலைகளையும், காயும்போது மீண்டும் தலைகாட்டும் நடுத்தரத் தடங்களையும் உப்புத்தாள் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் பலகையை 600, 800 என்று தேய்த்துக்கொண்டே போவது திரவத்தின் வேலையைத் தாளிடம் கேட்பது. கறுப்புப் பளபளப்புக் கதவுகளில் கடைசிப் பூச்சை 1500, 2000 நம்பர் தாளில் தேய்த்து பாலிஷ் போடுகிறார்களே என்றால், அது வேறு கட்டம். அங்கே தேய்படுவது முழுவதும் பிசின். நார் எங்கோ ஆழத்தில் மூடப்பட்டிருக்கிறது.

தண்ணீர்தானே தொல்லை, தண்ணீர் இல்லாத சீலரைப் போட்டால் இந்த வாதமே விழுந்துவிடாதா என்று கேட்கலாம். பெரும்பகுதி விழுந்துவிடும் என்று ஒப்புக்கொள்கிறேன். டர்பன்டைன் வகைக் கரைப்பான்கள் மரத்தை ஏறக்குறைய உப்ப விடுவதே இல்லை. லாக்கர் தின்னரும் ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கும் செல் சுவருக்குள் இறங்கி வேலை காட்டுவதற்குள் ஆவியாகிவிடுகின்றன. எம்.டி.எஃபின் முதல் பூச்சுக்கு இவையே மேல் என்பது என் கருத்தும். ஆனாலும் ஏற்கெனவே கிழிந்து தளர்ந்திருக்கும் நாரை அவையும் நனைத்து எழுப்பி, எழுந்தபடியே இறுக்கிவிடுகின்றன. முட்கள் குறையும், இல்லாமல் போகாது. ஆகவே சீலரைத் தேய்க்கும் வேலை குறையும், இல்லாமல் போகாது. இதற்கு நேரெதிரான யோசனை, தேக்குக்குச் செய்வதுபோல் முதலிலேயே ஈரத் துணியால் துடைத்து நாரை எழுப்பிவிட்டு, காய்ந்ததும் தேய்த்துவிடலாம் என்பது. மரத்துக்கு அது நல்ல உபாயம். எம்.டி.எஃபில் அது மீட்சியை வலிந்து வரவழைக்கிறது. எழுந்த நாருக்கு விறைப்பு கொடுக்கப் பிசினும் இல்லாததால் அது மறுபடி படுக்கத்தான் செய்யும். விளிம்பில் அந்த ஈரம் பட்டால் உப்பியது உப்பியதாகவே நிற்கும்.

விளிம்புக்கு மட்டும் வேறு சட்டம். மெத்தையாகப் பரப்பியபோது நார்கள் பெரும்பாலும் கிடையாகவே விழுந்தன. ஆகவே முகத்தில் நாம் காண்பது அவற்றின் பக்கவாட்டை. அறுத்த விளிம்பில் காண்பது வெட்டுப்பட்ட முனைகளையும் இடைவெளிகளையும், அதுவும் பாதிக்கும் மேல் வெற்றிடமான நடுப்பகுதியின் இடைவெளிகளை. அவை நுண்குழாய்களாகச் செயல்பட்டுப் பூச்சின் திரவத்தை உறிஞ்சிக்கொள்ள, நிறமி மட்டும் வெளியே வறண்டு நிற்கிறது. நாரில் சேர்த்த மெழுகு தண்ணீர்த் துளியைக் கொஞ்ச நேரம் நிறுத்தும். நீர் பெயின்டில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள் கலந்திருப்பதால் மெழுகின் காவல் அங்கே பலிப்பதில்லை. இதே நிலைதான் ரூட்டர் எந்திரத்தால் கதவு முகத்தில் குடைந்த டிசைன் பள்ளங்களிலும். விளிம்பில் வாளின் பற்கள் விட்ட குஞ்சங்கள் இருப்பதால் இங்கே வெறும் பலகையைத் தேய்த்தே ஆக வேண்டும். 150, 180, 240 என்று மூன்று படியில், ஒவ்வொரு படியிலும் புதுத் தாளில் தேய்ப்பது நல்லது. பிறகு அடைப்பு. தண்ணீர் குறைவான பட்டியையோ, கெட்டியான இரண்டு பாகப் பாலியூரித்தேன் சீலரையோ இழுத்து, காய்ந்ததும் தேய்த்து, உறிஞ்சுவது நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். விளிம்பும் முகமும் சந்திக்கும் கூர்முனையை உப்புத்தாளால் ஒரு மில்லிமீட்டராவது உருட்டிவிட வேண்டும் என்பதற்கும் காரணம் பரப்பு இழுவிசைதான். ஈரப் பூச்சு கூர்முனையிலிருந்து பின்வாங்கி மெலிந்துவிடும். அடுத்த முறை தேய்க்கும்போது முதலில் பலகை தெரிவது அங்கேதான்.

வெறும் பலகையைக் குறைவாகத் தேய்க்கச் சொல்வதற்கு நுரையீரலும் ஒரு காரணம். எம்.டி.எஃப் தூள், மரம் இழைக்கும்போது விழும் சுருள் போலக் கனமாகத் தரையில் விழுவதில்லை. ஏற்கெனவே நாராகப் பிரிந்த பொருள் என்பதால் மிக நுண்ணிய பங்கு அதிகம், நெடுநேரம் மிதக்கும். உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995-இல் வெளியிட்ட அறிக்கையிலும், பலகையின் பிசினிலுள்ள ஃபார்மால்டிஹைடை 2004-இலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. சீலரின் பொடியும் சுவாசிக்கத் தக்கது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனினும் சீலரைத் தேய்க்கும்போது எடுக்கும் அளவு சில மைக்ரான்கள்தான். மூக்கில் கட்டும் கைக்குட்டை எந்தத் தேய்ப்புக்கும் போதாது. என்95 முகமூடியும், தூசியை உறிஞ்சும் குழாய் பொருத்திய சாண்டரும் இந்த வேலையின் கருவிகளாகவே கணக்கில் வர வேண்டும்.

சீலரைப் போதுமான அளவு தேய்த்துவிட்டோமா என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, பென்சிலால் பரப்பு முழுவதும் லேசாகக் கிறுக்கிவிட்டு, கட்டையில் சுற்றிய 320 தாளால் தேய்ப்பது. கிறுக்கல் மறைந்த இடம் மேடு. தங்கிய இடம் பள்ளம். எல்லாக் கிறுக்கலும் போகும்வரை தேய்ப்பதா, பள்ளத்துக்கு இன்னொரு பூச்சு கொடுப்பதா என்பது சீலர் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழுப்பு நிறம் எட்டிப்பார்த்தால் நிறுத்திவிட வேண்டும். மற்றொன்று விரல். ஸ்டாக்ஹோம் ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சுருக்கங்கள் பதித்த பரப்புகளைத் தடவிப் பார்த்தவர்கள் 13 நானோமீட்டர் அளவேயான மேடுபள்ளத்தையும் வழவழப்பான பரப்பிலிருந்து பிரித்தறிந்தார்கள். அசைவில்லாமல் விரலை வைத்தால் இந்த நுட்பம் வராது, ஓட்ட வேண்டும். மெல்லிய துணியையோ பிளாஸ்டிக் உறையையோ இடையில் வைத்து ஓட்டும் பெயின்டர்கள், தோலின் ஈரப் பிடிப்பு குறுக்கிடாமல் முள்ளை மட்டும் உணர அப்படிச் செய்கிறார்கள்.

கடைசியாக ஒரு சிக்கல். இதற்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. தொட்டால் ஒட்டவில்லை என்பதாலேயே பூச்சு காய்ந்துவிட்டது என்று பொருளில்லை. கரைப்பானின் கடைசிப் பங்கு பிசினின் இடுக்குகளிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும்; நுண்குழாய்கள் நிறைந்த விளிம்புகளில் இன்னும் மெதுவாக. அது வெளியேறும்வரை பூச்சு சுருங்கிக்கொண்டே இருக்கும். சுருங்கி முடியாத சீலரைத் தேய்த்துச் சமனாக்கி, உடனே மேல்பூச்சும் அடித்துவிட்டால், அன்று சமனாகத் தெரியும் கதவில் சில வாரங்கள் கழித்து நாரின் தடமும் விளிம்பின் கோடும் மெல்லத் தெரியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் ஏறியிருக்கும்போது நீர்ப் பிரைமருக்கு இந்தக் காலம் இன்னும் நீளும். டப்பாவில் அச்சிட்ட மறுபூச்சு நேரம் அடுத்த பூச்சு ஒட்டுவதற்கான கணக்கு. தேய்ப்பதற்கான கணக்கு தாளில் தெரியும். 320 தாளை நாலு முறை இழுத்துத் திருப்பிப் பார்த்தால், வெள்ளைப் பொடி தட்டியதும் உதிர்ந்துவிட வேண்டும். சிறுசிறு உருண்டைகளாகத் தாளில் ஒட்டியிருந்தால் அன்றைக்குத் தேய்க்காமல் மறுநாளுக்கு வைத்துவிடுவது நல்லது, விளிம்புகளுக்கு அதற்கும் மறுநாள் வரை.